இரண்டு நிற இலைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்குத் தம்பி வேலையிலிருந்து வந்து சமையலறை மேசைமேல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தான். கம்பளி நூலில் நெய்த சதுரங்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

"நாப்பது," என்றான்.

"நாப்பதா?" என்றாள் அண்ணி.

"நாப்பது."

அவன் ரயில் ஓட்டுநர். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தான். ஒவ்வொரு முறை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகும், திரும்பி வரும் வண்டிக்காக அங்கே ஓட்டுநர் ஓய்வறையில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு பாக்கெட் சிகரெட் தீரும். பத்தொன்பது மாதத்துக்கு முன் சிகரெட்டை விட்டான். கை சும்மா இருக்க மறுத்தது. அண்ணி தன்னிடமிருந்த இரண்டு சின்னத் தறிகளில் ஒன்றைக் கொடுத்தாள்.

நான்கு அங்குல மரச்சட்டம். நான்கு பக்கமும் நெருக்கமாக ஆணிகள். நூலை நெடுக்கில் ஒரு சுற்று, குறுக்கில் ஒரு சுற்று, மறுபடி நெடுக்கில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். நான்காம் சுற்றை நீள ஊசியால் மேலும் கீழுமாகக் கோத்து எடுத்தால் ஒரு சதுரம். ஆணிகளிலிருந்து கழற்றினாலும் பிரியாது. தறி சட்டைப் பையில் அடங்கும். தம்பி பத்து நிமிடத்தில் ஒரு சதுரம் முடிப்பான். அண்ணன் அதைத் தறி என்று சொன்னதே இல்லை. பேன்சீப்பு என்பான்.

அண்ணிக்கு இது தொழில். ஒரு பெரிய விடுதியின் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருடத்தில் நான்கு முறை மேசை அலங்காரம் செய்து கொடுத்தாள். வசந்தத்துக்குப் பச்சைத் தளிர். குளிர்காலத்துக்கு வெள்ளை மணிகள். இப்போது இலையுதிர்காலம். இருபத்திநாலு மேசை. மேசைக்கு ஏழு இலைகள் வளையமாக, நடுவில் ஒரு கண்ணாடி விளக்கு. அவளும் தம்பியும் நெய்தார்கள். தொங்கும் வால்நூலை ஊசியால் உள்ளே செருகுவதும், ஈரத்துணி போட்டுத் தேய்ப்பதும் அவள் வேலை. சதுரத்தை மூலைக்கு மூலை நூலோட்டிச் சுருக்கினால் இலை வந்துவிடும். அதைச் செய்து கம்பியில் காம்பு வைப்பது அண்ணன். அவன் மின்வேலைக்காரன். மிச்சக் கம்பிக்குக் குறைவில்லை. கையில் எது கிடைத்தாலும் காம்பு வைத்துவிடுவான். கேட்டுக்கொண்டு வைக்கிற வழக்கம் இல்லை.

அண்ணன் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். முட்டையை வாயில் போட்டான்.

"உப்பு கம்மி," என்றான்.

"உப்பு கம்மி," என்றான் தம்பி.

"டேய், நான் முட்டையைச் சொன்னேன். சிக்னல் சொல்லல."

என்ஜினில் இரண்டு பேர். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது விதி. பதினாறு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தம்பிக்கு வீட்டிலும் அதே வாய்.

"இவனைக் கூட்டிட்டுப் பொண்ணு பாக்கப் போக முடியாது," என்று அண்ணியிடம் சொன்னான் அண்ணன். "அது பிடிக்கலைன்னா இவனும் பிடிக்கலைம்பான்."

"பிடிக்கலைன்னா அப்புறம் என்ன சொல்றது?" என்றான் தம்பி.

"சரி, ஒண்ணாம் தேதியிலேர்ந்து யாரு சொல்றதைத் திருப்பிச் சொல்வே?"

தம்பி ரொட்டியைப் பிய்த்தான். "எனக்கு நானே சொல்லிக்கணும்."

ஒன்றாம் தேதியிலிருந்து அவனுக்குப் புது வண்டி. இருப்பதிலேயே வேகமானது. அதில் ஓட்டுநர் ஒருவர்தான், துணைக்கு ஆள் கிடையாது. அந்த இடத்துக்கு அவன் ஒன்பது வருடம் காத்திருந்தான். எழுபது பேரில் நான்கு பேரை எடுத்தார்கள். கடிதம் வந்த அன்று அண்ணன் அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினான்.

"தனியாப் பேசிட்டு இருந்தா ஊர்ல பைத்தியம்பாங்க," என்றான் அண்ணன்.

"இங்க சம்பளம் குடுத்துப் பேசச் சொல்றாங்க."

தம்பி தூங்கப் போனான். அண்ணன் வேலைக்குப் போனான். அண்ணி சதுரங்களைத் தரம் பிரித்தாள். முப்பத்தொன்று செங்கல் நிறம். அவள் கொடுத்தனுப்பிய முழு உருண்டையில் நெய்தவை. அது போதாவிட்டால் டப்பாவில் கிடக்கும் சிவப்புத் துண்டுநூலை எடுத்துக்கொள் என்றும் சொல்லியிருந்தாள். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவனே எடுத்துப் போயிருந்தான். மீதி ஒன்பதும் அந்தத் துண்டுநூல். முதல் இரண்டு சுற்று சிவப்பு. அடுத்த இரண்டு சுற்று பச்சை, வசந்தத்துத் தளிருக்கு வாங்கி மிஞ்சிய பாசிப்பச்சை. இரண்டும் பொடிக்கட்டமாகக் கலந்திருந்தன.

ஓய்வறையில் விளக்கு மோசம் போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்னும் நூறு இலைக்கு மேல் இருந்தது. இதற்காக அவனை எழுப்பிக் கேட்பதா என்று ஒன்பதையும் ஜன்னல் ஓரத்தில் தள்ளி வைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் அவற்றுக்கும் காம்பு வைத்துவிட்டான்.

புதன்கிழமை, மாதிரிக்காக ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு அண்ணி விடுதிக்குப் போனாள். ஏழு இலைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கியது அண்ணன்தான். மதியச் சாப்பாடு முடிந்து கூடம் காலியாக இருந்தது. மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. நடக்கும்போதே வழியிலிருக்கும் மேசைகளில் முள்கரண்டிகளை நேராக்கிக்கொண்டு வருவார். அண்ணி வளையத்தை வைத்தாள். மேலாளர் ஒரே ஓர் இலையைத் தொட்டார்.

"இது யாரு யோசனை?"

அண்ணி அப்போதுதான் அந்த இரண்டு நிற இலையைப் பார்த்தாள். "அது தப்பா வந்துடுச்சுங்க. மாத்திடறேன்."

"மாத்தாதீங்க." மேலாளர் நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார். "மரத்துல இலை இப்படித்தானே திரும்புது. ஒரே நாள்லயா சிவந்துடும்? மத்ததெல்லாம் கடையில வாங்கின மாதிரி இருக்கு. தப்பா நினைக்காதீங்க."

"இல்லைங்க."

"மேசைக்கு ரெண்டு இந்த மாதிரி போடுங்க."

நாற்பத்தெட்டு. கையில் ஒன்பது இருந்தது. இன்னும் முப்பத்தொன்பது.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் கேட்டாள். அவன் நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரெண்டு நிற இலை எப்படித் தோணுச்சு உனக்கு?"

அவன் குடித்து முடித்தான். "எது?"

"சிவப்பும் பச்சையுமா ஒன்பது இருந்துச்சே. விடுதியில அதைத்தான் பிடிச்சிருக்குன்னாங்க."

தம்பி தம்ளரைக் கழுவினான். கவிழ்த்து வைத்தான். "வேணும்னுதான் பண்ணேன்."

"சொல்லவே இல்லையே."

"பிடிக்குமோ பிடிக்காதோன்னு இருந்துச்சு."

"பாருடா," என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. "பேன்சீப்புக்குள்ள ஒரு ஓவியன் ஒளிஞ்சிட்டு இருந்திருக்கான்."

அண்ணிக்கு நிம்மதியாக இருந்தது. கவனமில்லாமல் செய்தான் என்று ஒரு நாள் முழுக்க நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"இன்னும் முப்பத்தொன்பது வேணும் தம்பி. அதே மாதிரி."

"முப்பத்தொன்பது. அதே மாதிரி." கொஞ்சம் நின்றான். "நூலை நீங்களே எடுத்து வெச்சிடுங்க அண்ணி. சிவப்பு ஒரு பையில. பச்சை ஒரு பையில."

"எதுக்கு ரெண்டு பை?"

"ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்."

வியாழக்கிழமை காலை அண்ணி ஒரு காகிதப்பையில் மூன்று சிவப்பு உருண்டைகளும் இன்னொன்றில் மூன்று பச்சை உருண்டைகளும் போட்டு மேசைமேல் வைத்தாள். தம்பி வண்டிக்குப் போகும்போது பை கட்டித் தருவது அண்ணன் வழக்கம். சாப்பாட்டு டப்பா உள்ளே போகவில்லை. அவன் காகிதப்பைகளை வெளியே எடுத்தான். ஆறு உருண்டைகளையும் அடியில் கொட்டினான். மேலே டப்பாவை வைத்து அழுத்தினான். காகிதப்பைகளை மடித்து இழுப்பறையில் போட்டான். நல்ல காகிதப்பையை அவன் வெளியே விடமாட்டான்.

தம்பி போன பிறகு அண்ணி இழுப்பறையைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டு பை எதுக்குன்னு எடுத்துட்டேன்," என்றான் அண்ணன். "உருண்டை கல்லு மாதிரி இருக்கு. அதெல்லாம் சிக்காது."

அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

இரண்டு முறை போய்வந்து ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பையைக் கொடுத்தான். வாயைக் கயிற்றால் கட்டியிருந்தான். "முப்பத்தொன்பது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். அண்ணி, செங்கல் நிற இலைகளுக்கு நடுவே வைக்கும் கடுகுமஞ்சள் இலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அன்று பையைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தாள்.

பதிமூன்று, மேலாளர் கேட்டபடியே இருந்தன. பதிமூன்று முழுச் சிவப்பு. பதிமூன்று முழுப் பச்சை.

முதலில் எரிச்சல் வந்தது. முழுப் பச்சையை இலையுதிர்கால மேசையில் எங்கே வைப்பது? சரி, சிவப்பையாவது முடிக்கலாம் என்று வால்நூல் செருக ஒன்றை எடுத்தாள். ஊசி எதிலோ இடித்தது. சதுரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டாம் சுற்று முடியும் ஓரத்தில் ஒரு முடிச்சு. அடுத்ததை எடுத்தாள். அதே இடத்தில் முடிச்சு. பதிமூன்று சிவப்பிலும் இருந்தது. பச்சையை எடுத்தாள். அவற்றிலும் இருந்தது.

நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடுவார்கள். நிறம் மாற்றினால் போடுவார்கள். தீராத சிவப்பு நூலைப் பாதியில் வெட்டி, இன்னொரு சிவப்பு நூலோடு முடிந்து, மேற்கொண்டு நெய்ய யாருக்கும் காரணம் இல்லை. இரண்டாவது நூல் பச்சை என்று நினைத்திருந்தால்தான் செய்வார்கள். ஒரு தடவை என்றால் தூக்கக்கலக்கம். இருபத்தாறு தடவை.

அவன் பைக்குள் கை விட்டு ஆறு உருண்டைகளில் இரண்டை எடுத்திருக்கிறான். அவை தீரும் வரை நெய்திருக்கிறான். பிறகு இன்னும் இரண்டு. பிறகு கடைசி இரண்டு. ஒரே ஒரு ஜோடி சரியாக அமைந்திருக்கிறது.

அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

போன மாதம் அவன் ஒரு கிலோ பச்சைத் தக்காளி வாங்கி வந்தான். அண்ணன் இரண்டு நாள் சிரித்தான். ஊறுகாய் போடட்டும் என்றுதான் வாங்கினேன் என்றான் தம்பி. ஊறுகாயும் போட்டார்கள்.

தொலைபேசி அடித்தது. அண்ணன்.

"காம்பு எத்தனை வெட்டணும்? கம்பி இங்க நிறையக் கிடக்கு."

"அப்புறம் சொல்றேன்."

"முப்பத்தொன்பதுதானே?"

"அப்புறம் சொல்றேங்க."

"என்ன ஆச்சு உனக்கு? குரலே சரியில்ல."

"ஊசி குத்திடுச்சு," என்றாள்.

அவனிடம் சொன்னால் முதலில் சிரிப்பான். பிறகு இரண்டு நாள் சாப்பிட மாட்டான். பிறகு தம்பிக்குச் சாதகமாக ஏதாவது கண்டுபிடித்துச் சொல்வான். கடிதத்தைத் தெரு முழுக்கப் படித்தவன் அவன்.

இரண்டு மணிக்குத் தம்பி இறங்கி வந்தான். நாலு மணிக்கு வண்டி. சீருடைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். சாப்பிட்டான். அண்ணி தட்டை எடுத்துவிட்டு மேசையைத் துடைத்தாள். அவன் முன்னால் மூன்று சதுரங்களை வரிசையாக வைத்தாள்.

"இதுல விடுதியில கேட்டது எது?"

தம்பி அவளைப் பார்த்தான். சதுரங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினான். முடிச்சு இருந்தது.

"மூணும்தான்," என்றான்.

"மூணுல ஒண்ணுதான் தம்பி."

அவன் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஓரங்களைத் தட்டிச் சரியாக்கினான்.

"அண்ணன் ரெண்டு பையையும் எடுத்துட்டான்," என்றான்.

"ஆமா."

"உருண்டையை வெளிச்சத்துல வெச்சு வெச்சுப் பாத்தேன். பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க. கேக்க முடியல."

"எப்போலேர்ந்து?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். மொதல்ல எல்லாம் சாயம் போன மாதிரி இருந்துச்சு. தூக்கம் பத்தலைன்னு நினைச்சேன். இப்ப ரெண்டும் ஒண்ணு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா எழுதுவார். எழுதினா எறக்கிடுவாங்க."

"கண்ணு பாப்பாங்களே உங்களுக்கு."

"போன வருஷம் பாத்துட்டாங்க. அப்ப நல்லா இருந்துச்சு. இனி ரெண்டு வருஷம் கழிச்சுதான்."

அண்ணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சிக்னல் எப்படித் தெரியுது?"

"எரியறது தெரியும் அண்ணி. கம்பத்துல எங்க எரியுதுன்னு தெரிஞ்சா போதும். கீழ எரிஞ்சா சிவப்பு. மேல எரிஞ்சா பச்சை."

"தூரத்திலேர்ந்து மேலயா கீழயான்னு தெரியுமா?"

"பக்கத்துல போனா தெரியும்."

"பக்கத்துல போனப்புறம் நிறுத்த முடியுமா?"

"முடியாது," என்றான். வேலையைப் பற்றிக் கேட்டால் அவன் பொய் சொல்வதில்லை. "முழு வேகத்துல நிக்கறதுக்கு ஒரு கிலோமீட்டர் வேணும்."

"அப்ப எப்படி ஓட்டறே?"

"கூட இருக்கறவன் சொல்வான். நான் திருப்பிச் சொல்வேன்."

"நீ பாத்துட்டுத்தானே திருப்பிச் சொல்லணும்?"

"சொல்றேன்ல."

அண்ணி மேசை துடைத்த துணியை மடித்தாள்.

"புது வண்டியில முன்னாடியே ஒரு திரை இருக்கு," என்றான். "அடுத்த சிக்னல் என்னன்னு அதுலயே காட்டும்."

"எப்படிக் காட்டும்?"

"சின்னதா ஒரு விளக்கு."

"என்ன நிறத்துல?"

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒன்பது வருஷம் அண்ணி."

"தெரியும்."

"எறக்கிட்டா என்ன குடுப்பாங்க தெரியுமா? என்ஜின் சாவி மாட்டற வேலை. காலையில வர்றவனுக்கு எடுத்துக் குடுக்கணும். சாயங்காலம் வாங்கி மாட்டணும். என் கூட ஓட்டினவனெல்லாம் வந்து என்கிட்ட சாவி வாங்குவான்."

"வாங்கட்டும்."

"உங்களுக்குச் சொல்றது சுலபம்."

"சுலபம்னு யாரு சொன்னா? காலையில பத்து மணிலேர்ந்து இங்கயே உக்காந்திருக்கேன். ஒரு இலை முடிக்கல."

அவன் மேசையைப் பார்த்தான். கடுகுமஞ்சள் சதுரங்கள் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தன.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடாதீங்க. நானே சொல்றேன்." அடுக்கிய சதுரங்களை அவள் பக்கம் தள்ளினான். "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. அதுக்குள்ள டாக்டர்கிட்ட போறேன். தனியா ஓட்ட மாட்டேன். போதுமா?"

"எப்போ போவே?"

"இந்த வாரத்துக்குள்ள."

"நாளைக்கு நான் கூட வரேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"வெளிய உக்காந்திருக்கேன். நீ உள்ள போ."

அவன் தலையாட்டினான். மறுக்கவில்லை. அண்ணிக்கு மூச்சு வந்தது. நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்ததுபோல் இருந்தது. மூன்று சதுரங்களையும் எடுத்துப் பையில் போட்டாள்.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்தான். காலணியை மாட்டினான். குனிந்து கயிறு கட்டினான். சாப்பாட்டு டப்பாவைத் தானே எடுத்துப் பையில் வைத்தான்.

"எங்க கெளம்பிட்டே?"

"நாலு மணி வண்டி."

"இன்னிக்குமா?"

"இன்னிக்கு நான்தானே ஓட்டணும்."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லு."

"ஒன்றரை மணி நேரத்துல வேற ஆளுக்கு எங்க போவாங்க? வண்டியையே நிறுத்த வேண்டி வரும். ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"நாளைக்குத்தான் போறேன்னு சொல்லிட்டேன்ல அண்ணி." குரல் உயரவில்லை. பையைத் தோளில் மாட்டினான். "இன்னிக்குக் கூட ஆள் இருக்கான். நல்ல கண்ணு அவனுக்கு. மைல் தூரத்துல இருந்தே சொல்லிடுவான். ஒண்ணும் ஆகாது."

அண்ணி எழுந்தாள். அவன் கதவைத் திறந்திருந்தான். வெளி வெளிச்சம் தரையில் விழுந்தது.

"தன் கண்ணாலதான் வண்டி ஓடுதுன்னு அவனுக்குத் தெரியுமா?"